பேஹெட் சாலை, இறக்குமதிப் பிரிவு

பதினான்கு வருடமாக இறக்குமதிதான் என் பிழைப்பு.
ஷாங்காயிலிருந்து செருப்பு,
சென்னையிலிருந்து மாவு அரைக்கும் இயந்திரம்,
சாண்டோஸிலிருந்து உறைந்த கோழி.
எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் வருகிறது,
யார் கையெழுத்துக்குக் காத்து நிற்கிறது,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அப்படிப்பட்டவள்
ஒரே ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன்.
அந்த வரியும் இம்போர்ட் என்றுதான் தொடங்குகிறது.

டர்பன் துறைமுகத்தில் நாள் கடந்து கிடக்கும் பெட்டிக்குத்
தாமதக் கட்டணம்.
அந்த நாட்களை விரல்விட்டு எண்ணி அலுத்துப்போய்
பைத்தான் படிக்க உட்கார்ந்தேன்.
சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட், சமையலறை மேசை.
அடுப்பில் பட்டாணி.

முதல் வாரம்,
அப்படி ஒரு மாட்யூல் இல்லை என்றது.
இருபது ராண்ட் டேட்டா செலவழித்து
நேற்றிரவுதானே இறக்கினேன்?
இறங்கியிருந்தது. வேறு பைத்தானுக்கு.
என் மடிக்கணினியில் இரண்டு பைத்தான் குடியிருப்பதே
அன்றுதான் தெரியும்.
பெரிய வியப்பில்லை.
கப்பல் வந்தும் சரக்கு வேறு கிடங்கில் இறங்குவது
எங்களுக்கு வாரம் இரண்டு முறை.

இரண்டாவது வாரம்தான் ஆளைத் தின்றது.
மாதத்துக்கு எத்தனை நாள் என்று சொல்லும் மாட்யூல்
பைத்தானோடு கூடப் பிறந்தது, இறக்கவே வேண்டாம்.
பெயர் காலண்டர்.
கூப்பிட்டேன்.
"பாதி தொடங்கிய மாட்யூல்" என்றது திரை,
"சுற்றிச் சுற்றி இறக்குமதி ஆகிறது போலும்" என்றும்.
எழுத்துப் பிழையா? ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.
அழித்து எழுதினேன். மூடித் திறந்தேன்.
பத்து மணிக்கு மின்சாரம் போனது,
அட்டவணைப்படி, நான்காம் கட்டம்.
பேட்டரி பழசு, மடிக்கணினியும் கூடவே போனது.
இருட்டில்
நானும் பாதி தொடங்கியவளாக உட்கார்ந்திருந்தேன்.

இதை இங்கே விட்டுவிட்டு அலுவலகத்துக்கு வருகிறேன்.
எங்கள் பிரிவில் லோஷ்னி இருவர்.
கதவோரம் நான், லோஷ்னி படையாச்சி.
உள்ளே, ஏசிக்குக் கீழே, லோஷ்னி மூட்லி.
வாசலில் நின்று யார் கூப்பிட்டாலும்
முதலில் திரும்பும் தலை என்னுடையது.
வெள்ளிக்கிழமை ஒரு கூரியர்க்காரர்
"லோஷ்னிக்கு" என்று நீட்டிய கேக்கை
சிஃபிசோவும் நானும் பாதிக்குமேல் தின்றபிறகுதான்
அடியில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தோம்.
மூட்லிக்கு. நாற்பதாவது பிறந்தநாள்.

விரலில் கிரீமோடு அப்படியே நின்றேன்.

என் கோப்புக்கு நான் வைத்த பெயர் என்ன?
காலண்டர்.

லீப் வருடம்வரை தெரிந்த அசல் காலண்டர்
உள்ளே ஏசிக்குக் கீழே இருக்கிறது,
அதன் காதுக்கு என் குரல் போகவே இல்லை.
கதவோரம் இருந்த என் கோப்பு
"இதோ" என்று எழுந்து,
எழுந்த கையோடு தானும் "காலண்டர்!" என்று கூவி,
பாதி எழுந்த தன்னையே கூப்பிட்டு நிறுத்தி
கேள்வி கேட்டிருக்கிறது.
ஐந்து இரவு
பிப்ரவரிக்கு எத்தனை நாள் என்று
நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.
திரையும் சொல்லத்தான் சொன்னது,
ஒரே கோப்பின் பெயரை இரண்டு தடவை.
அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெயரை மாற்றினேன். பேஹெட்.
லாரிகள் மூன்று மைல் நிற்கும் சாலையின் பெயரை
எந்த மாட்யூல் வைத்துக்கொள்ளப் போகிறது?

29.

ஒரே ஒரு எண், கறுப்புத் திரையில் தனியாக.
பட்டாணி அடிப்பிடித்தது. பிடிக்கட்டும்.

திங்கட்கிழமை காலை, வாசலில் யாரோ
"லோஷ்னி" என்றார்கள்.
நான் திரும்பவில்லை.
எல்லாம் தெரிந்தவளாக
உள்பக்கம் கை காட்டினேன்.

என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.